கிடந்த கோலம்: பிரான்சிய நாட்டுப்புறத் தேவாலயங்களில் இடைக்காலக் கல்லறைச் சிலைகள்

பிரான்சு தேசத்தின் பெருநகரங்களை விட்டு நீங்கி, கோதுமை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே செல்லும் பாதைகளில் ஊர்தோறும் எழுந்து நிற்கும் கற்கோயில்களுட் புகுவோர், அவற்றுட் சிலவற்றிலே பீடத்தின் அண்மையிலும் பக்கச் சுவர்களின் வளைவுகளிலும் மல்லாந்து கிடக்கும் மனித உருவங்களைக் காண்பர். கைகள் மார்பின்மேற் குவிந்திருக்கும். தலையின்கீழ்க் கல்லாலாகிய தலையணை ஒன்றிருக்கும். காலடியிற் சிங்கமேனும் நாயேனும் சுருண்டு படுத்திருக்கும். மூக்கும் விரல்களும் பெரும்பாலும் உடைபட்டிருக்கும். உருவத்தைச் சூழ்ந்து வெட்டப்பட்ட எழுத்துக்கள் தேய்ந்துபோனமையால், கிடப்பவர் இன்னாரெனக் கூற இயலாத இடங்களும் பல.

நம் சிற்பநூலார் திருமேனிகளை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூவகைப்படுத்துவர். அவற்றுட் கிடந்த கோலமே இடைக்கால ஐரோப்பியக் கல்லறைச் சிற்பத்திற்குரியது. பிரெஞ்சுமொழியில் இச்சிலைகளுக்கு வழங்கும் ‘ஜீசான்’ என்னும் பெயரும் ‘கிடப்பவர்’ என்றே பொருள்படும். இன்று இவை கலைப்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. ஆயின், இவற்றைச் செய்வித்தோர் அழகை முன்னிட்டுச் செய்வித்தாரல்லர். இறந்தவரின் முகச்சாயலைப் பின்னோர் அறியவேண்டுமென்பதும் தொடக்கத்தில் அவர்தம் கருத்தன்று. குறித்த ஓரிடத்திற் கிடந்து, அவ்வழியே செல்வோரிடம் ஒரு மன்றாட்டை இரந்து கேட்பதற்காகவே இவை செய்யப்பட்டன. எனவே, இவற்றின் வரலாற்றை ஆராய்வோர் சிலையை மாத்திரம் நோக்குதல் போதாது. அது கிடந்த இடத்தையும், அவ்விடம் அதற்கு எஞ்சியதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இறந்தோருக்காக உயிருள்ளோர் மன்றாடும் வழக்கம் கிறித்தவத்தில் மிகப் பழையது. எனினும், மரித்தபின் ஆன்மா தூய்மையுறும் நிலை ஒன்றுண்டென்பதும், அந்நிலையிலுள்ள ஆன்மாக்களுக்குப் பூசையும் மன்றாட்டும் தருமமும் உதவுமென்பதும் 1274ஆம் ஆண்டு லியோன் நகரிற் கூடிய திருச்சங்கத்தால் உறுதியாக உரைக்கப்பட்டன. கத்தோலிக்கர் உத்தரிக்கும் தலம் என வழங்குவது இதுவே. ஒரு பிரபு தன் நிலத்தின் வருவாயிற் பகுதியைக் கோயிலுக்கு எழுதிவைப்பான். அதற்கீடாகக் குருமார் அவன் இறந்த நாளில் ஆண்டுதோறும் பூசை செய்தல் வேண்டும். அவ்வுடன்படிக்கை மறக்கப்படாதிருத்தற்குரிய சான்று, கோயிலுக்குள்ளேயே கிடக்கும் அவனது உருவமாகும். சாசனம் பெட்டியில் உறங்கலாம். பீடத்திற்குச் செல்லும் வழியிலே கிடக்கும் கல்லைக் கடவாமல் எந்தக் குருவும் பூசைக்குச் செல்ல முடியாது. கல்லின் விளிம்பில் பொறிக்கப்பட்ட வாசகமும் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: இங்கு இன்னார் கிடக்கின்றார், இன்ன ஆண்டிலே மரித்தார், அவர் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உருவத்தின் அமைப்பும் இந்நோக்கத்திற்கு இயைந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிலைகள் பெரும்பாலும் முதுமையைக் காட்டா. எழுபது வயதில் இறந்தவனும் முப்பது வயதினன் போலவே கிடப்பான். கண்கள் திறந்திருக்கும், அவன் உறங்குபவனல்லன், உயிர்த்தெழும் நாளை எதிர்நோக்கியிருப்பவன் என்பது பொருள். முகம் கிழக்கேயுள்ள பீடத்தை நோக்கும் வண்ணம் கால்கள் கிழக்கே நீட்டப்பட்டிருக்கும். உற்றுநோக்குவோர்க்கு ஒரு முரண் புலப்படும். படுத்திருப்பவனுடைய ஆடையின் மடிப்புக்கள் உடலின் இருபுறமும் சரிந்து விழாமல், நிற்பவனுடைய ஆடைபோலப் பாதத்தை நோக்கி நேராக இறங்கும். நிற்கும் சிலையைக் கிடத்திவிட்டாற் போன்ற தோற்றம் இது. சிற்பிக்கு இயற்கையறிவு போதாமையால் நேர்ந்த பிழையென இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. இறந்தவனை இறந்தவனாகவும் எழுந்துநிற்பவனாகவும் ஒருங்கே காட்ட விரும்பிய ஒரு நம்பிக்கையின் வடிவமே அது எனல் தகும்.

எல்லோருக்கும் முழுவுருவச் சிலை கிடைத்ததன்று. சிற்றூர்ப் பிரபுக்கள், குருமார், செல்வமுள்ள வணிகர் ஆகியோர்க்குத் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட கற்பலகையும் அதன்மேற் கோடுகளாகச் செதுக்கப்பட்ட உருவமுமே அமைந்தன. சுண்ணக்கல் வளமுள்ள ஷம்பாஞ், பூர்கோஞ் மாகாணங்களில் இவை மிகுதி. இவ்வகைப் பலகைகளுட் புகழ்பெற்றது றான்ஸ் நகரத் தேவாலயத்தில் உள்ளது. 1263இல் இறந்த ஊக் லிபெர்ஜியே என்னும் கட்டடக் கலைஞனுடையது. ஒரு கையிற் கோயிலின் சிற்றுருவமும், மற்றக் கையில் அளவுகோலும், அருகே மூலைமட்டமும் கவராயமும் விளங்க அவன் காட்சியளிக்கின்றான். ஒரு கைவினைஞனுக்குப் பிரபுக்களுக்குரிய சிறப்பு வழங்கப்பட்டது அரிய செய்தி. அவன் கட்டிய புனித நிக்கேஸ் கோயில் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டது. அவன் கையில் ஏந்திய சிற்றுருவம் நிற்க, கோயில் மறைந்தது.

நாட்டுப்புறத்துச் சிலைகளுள் மிகச் சிறந்தவையும் மிகுந்த வழக்கிற்கு இடமாயினவையும் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பொன்தெவ்ரோ மடாலயத்திற் கிடக்கும் நான்குமாம். அம்மடம் 1101இல் ஆபிரிசெல் ஊரினரான றொபேர் என்னும் துறவியால் நிறுவப்பட்டது. துறவியரும் கன்னியரும் தனித்தனி இல்லங்களில் வாழ, இருசாராரையும் ஒரு பெண்ணே தலைவியாயிருந்து ஆளும் புதுமையான ஒழுங்கு அங்கே நிலவியது. ஆஞ்சூப் பிரதேசத்தின் கோமகனும் இங்கிலாந்தின் அரசனுமாகிய இரண்டாம் ஹென்றி 1189ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே சினோன் கோட்டையில் இறந்தான். அவன் தனக்கெனக் குறித்திருந்த இடம் லிமூசின் பகுதியிலுள்ள கிறாமோன் மடம். கோடை வெயிலில் உடலை அத்துணைத் தூரம் கொண்டுசெல்லுதல் இயலாதாகையால் அண்மையிலிருந்த பொன்தெவ்ரோவில் அடக்கம் செய்தனர் என்பர். இவ்வாறு தற்செயலாகத் தொடங்கியது, பத்தாண்டுகளுள் ஒரு குலத்தின் இடுகாடாயிற்று. 1199இல் ஷாலூஸ் கோட்டை முற்றுகையில் அம்புபட்டு இறந்த மகன் றிச்சட்டின் உடலும் இங்கே வந்தது. அவன் இதயம் றூவான் நகருக்கும், குடல் ஷாலூசுக்கும் சென்றன. தன் முதுமையை இம்மடத்திற் கழித்த அரசி எலினோர் 1204இல் இறந்து கணவனருகே அடக்கப்பட்டாள். 1246இல் இறந்த அங்குலேம் இசபெல், ஜோன் அரசனின் மனைவி, நான்காமவள்.

முதல் மூன்று சிலைகளும் அப்பகுதிக்குரிய மென்மையான வெண்சுண்ணக்கல்லால் ஆனவை. இசபெலின் உருவம் மரத்தாலானது, அளவிலும் சிறியது. ஹென்றியும் றிச்சட்டும் முடிசூட்டுநாளின் ஆடையணிகளோடு, துகில் விரித்த பாடையின்மேற் கண்மூடிக் கிடக்கின்றனர். நிற்கும் உருவத்தைக் கிடத்திய முரண் இங்கே இல்லை. இறந்த அரசனை அடக்கத்திற்கு முன் மக்கள் காண வைத்த காட்சியே கல்லாயிருக்கின்றது. எலினோரோ இறந்தவள்போற் கிடக்கவில்லை. இரு கைகளாலும் விரித்த நூலொன்றை ஏந்தியிருக்கின்றாள். இச்சிலைகளைச் செய்வித்தவள் அவளே எனக் கருதுவோர் பலர். கணவனுக்கும் மகனுக்கும் மரணத்தின் அமைதியை வழங்கி, தனக்கு ஓதும் நூலைத் தெரிந்துகொண்டவள் அவளாயின், அத்தெரிவு அவள் வாழ்க்கைக்கு ஏற்றதே. பிரான்சிய அரசன் ஒருவனுக்கும் ஆங்கில அரசன் ஒருவனுக்கும் அடுத்தடுத்து மனைவியாயிருந்து, மைந்தரின் கலகத்திற் சார்ந்தமையாற் கணவனாலேயே பல்லாண்டு சிறைவைக்கப்பட்ட பெண் அவள்.

பொன்தெவ்ரோவின் பிற்கால வரலாற்றைக் கூறுமுன், பதினான்காம் நூற்றாண்டில் இக்கலை எய்திய மாற்றத்தைச் சிறிது நோக்கவேண்டும். அம்மாற்றம் நன்கு விளங்குமிடம் ஓவேர்ஞ் மலைநாட்டின் ஷேஸ்-தியூ மடாலயமாகும். கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், குளிர்காற்று ஓயாத மேட்டுநிலத்தில் அது நிற்கின்றது. இளமையில் அங்கே துறவியாயிருந்த பியேர் றோஜே என்பார் 1342இல் ஆறாம் கிளமென்று என்னும் பெயருடன் பாப்பரசரானார். அவிஞ்ஞோன் நகரிலே பெருஞ்செல்வத்தோடு வாழ்ந்த அவர், தாம் கிடப்பதற்கு அந்நகரைத் தெரிந்துகொள்ளவில்லை. தம் பழைய மடத்தின் கோயிலைப் புதிதாகக் கட்டுவித்து, அதன் நடுவே தம் கல்லறையையும் வாழ்நாளிலேயே செய்வித்தார். 1352இல் அவர் இறந்தபின் உடல் அவ்விடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கருங்கல் மேடையின்மேல் வெண்சலவைக்கல்லாற் செய்த உருவம், திருமுடியோடு இன்றும் துறவியரின் 144 மர இருக்கைகளுக்கு நடுவே கிடக்கின்றது.

அக்கல்லறையின் பெருமை மேலே கிடந்த உருவத்தில் மட்டுமன்று, மேடையைச் சூழ நின்ற 44 சிற்றுருவங்களிலும் இருந்தது. அவை பாப்பரசரின் உறவினரைக் காட்டின. கர்தினால்மாரும் மேற்றிராணிமாரும் பிரபுக்களும் அவர்தம் மனைவியரும் அணிவகுத்து நின்றனர். தந்தையின் சகோதரரது பெயரையே தாங்கி, பின்னர் பதினோராம் கிரகரியாகி, 1377இல் பாப்பரசரின் இருக்கையை மீண்டும் உரோமாபுரிக்குக் கொண்டுசென்ற சகோதரர் மகன் தோன்றியது அக்குடும்பத்திலேதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கல்லறை கடப்போரை வேண்டிற்று. இக்கல்லறையோ வேண்டுவோரையும் தன்னோடு கல்லிலே வைத்துக்கொண்டது. இது பணிவா, குலப்பெருமையா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய வினாவன்று. 1562இல் மதப்போர் மூண்டபோது புரட்டஸ்தாந்துப் படையினர் மடத்தைச் சூறையாடி அச்சிற்றுருவங்களை உடைத்தெறிந்தனர். பாப்பரசரின் உருவம் தப்பியது, சுற்றத்தார் அழிந்தனர். அன்றுமுதல் அவர் தனித்தே கிடக்கின்றார்.

கல்லறையைச் சூழ்ந்து அழுவோரை நிறுத்தும் வழக்கு பூர்கோஞ் கோமக்களின் காலத்தில் உச்சம் பெற்றது. 1404இல் இறந்த துணிவுடைய பிலிப்பின் கல்லறையிற் கிளவுஸ் சுலூற்றர் அமைத்த முக்காடிட்ட உருவங்கள் திசோன் நகரில் உள்ளன; நகரத்துக்குரியவையாதலின் அவை இங்கு விரிக்கப்படவில்லை. நோயும் போரும் மிகுந்த அந்நூற்றாண்டின் இறுதியில் வேறொரு வகையும் தோன்றிற்று. அரசனின் மருத்துவனாயிருந்து 1393இல் இறந்த ஆர்சினி ஊர்க் கியோம், லான் நகரிலே வற்றி உலர்ந்த பிணமாகவே தன்னைச் செதுக்குவித்தான். உடலின் நிலையாமையை எவரினும் நன்கறிந்தவன் மருத்துவன்தானே. பூர்போன் கோமக்களின் சுவிஞ்ஞி மடத்திலோ பழைய முறையே நீடித்தது. அங்கு முதலாம் சாள் கோமகனுக்கும் அவன் மனைவிக்கும் கல்லறை அமைக்கும் பொறுப்பைச் சிற்பி ஜாக் மோறெல் 1448இல் ஏற்றுக்கொண்டான். அகன்று அலையலையாக விழும் ஆடைகளாற் பெயர்பெற்ற அவ்வுருவங்கள் சிதைந்த நிலையில் இன்னும் அங்கேயே உள்ளன.

இத்துணைச் சிலைகளும் பலகைகளும் எவ்வெவ்விடத்தில் எவ்வெவ்வாறு இருந்தன என்பதை இன்று அறியமுடிகின்றதெனின், அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் றொஜே த கேஞ்ஞியேர் என்னும் ஒருவரே. 1642இற் பிறந்த அவர் கீஸ் கோமகனின் இல்லத்திற் பணிபுரிந்தவர். ஓவியனொருவனையும், பழைய எழுத்துக்களைப் படிக்கப் பயின்ற தம் பணியாளனையும் அழைத்துக்கொண்டு மாகாணங்கள்தோறும் சென்று, கல்லறைகளை வண்ணத்தில் வரைவித்தார், வாசகங்களைப் படியெடுப்பித்தார். புரட்சியை அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. அவர் அஞ்சியது குருமாரையும் கட்டடம் புதுக்குவோரையுமே. பழைய கல்லறைகள் வழிக்கு இடைஞ்சலென்றும் பீடத்தின் அழகைக் கெடுப்பனவென்றும் அக்காலத்திலேயே பெயர்க்கப்பட்டு வந்தன. அவருடைய படங்களின் கீழே எழுதப்பட்ட குறிப்புக்கள் மிகப் பயனுடையவை. கல்லறை பீடத்தின் எப்பக்கத்தில், எந்தத் தூணருகே, சுவரிலா தரையிலா கிடந்தது என்பதை அவை கூறுகின்றன. தம் சேகரம் முழுவதையும் 1711இல் அரசனுக்கு ஒப்படைத்துவிட்டு 1715இல் இறந்தார். பின்னர் அதில் ஒரு பகுதி களவுபோய் இங்கிலாந்தை அடைந்து, பழம்பொருளாய்வாளர் றிச்சட் கோவ் வழியாக ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்திற் சேர்ந்தது. அங்குள்ள படங்களிற் காணும் கல்லறைகளுட் பெரும்பாலானவை இன்று உலகில் இல்லை. களவாடப்பட்ட தாள்கள் எஞ்ச, கல் அழிந்தது.

அவ்வழிவு நேர்ந்த முறையும் நினைக்கத்தக்கது. 1776இல் அரச ஆணையொன்று கோயிலுக்குள் அடக்கம் செய்வதைச் சிலருக்கு மட்டும் உரியதாகச் சுருக்கிற்று. சுகாதாரமே அதற்குக் காரணம். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துக்கள் தேசத்தின் உடைமையாயின. 1790 ஜூனிற் பரம்பரைப் பிரபுப் பட்டங்களும் குலச்சின்னங்களும் ஒழிக்கப்பட்டன. கல்லறை ஒவ்வொன்றிலும் குலச்சின்னம் பொறிக்கப்பட்டிருந்தமையால், சட்டத்தைக் கருத்தோடு நிறைவேற்ற முனைந்த ஊரார்க்கு உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. 1793 ஆகத்து முதலாந் திகதி அரசகுலக் கல்லறைகளை அழிக்கும்படி ஆணை பிறந்தது. புனித தெனி தேவாலயத்தில் அரசரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுக் குழிகளில் எறியப்பட்டன. ஈயப் பேழைகள் போர்த் தேவைக்காக உருக்கப்பட்டன. அச்செயல்களைப் பழிக்கும் பொருட்டு ‘வண்டலிசம்’ என்னும் சொல்லை 1794இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர், புரட்சியின் பக்கம் நின்ற குருவாகிய கிறெகுவார் என்பவரே.

நாட்டுப்புறத்தில் அழிவு வேறுவகையாக நிகழ்ந்தது. அங்கே வெறியினும் விலையே மிகுதியும் கேடு செய்தது. ஏலத்தில் விற்கப்பட்ட மடாலயங்களை வாங்கியோர், அவற்றைக் கல்லுக்காக உடைத்தனர். செம்பும் வெண்கலமும் உலைக்குச் சென்றன. ஒன்பதாம் லூயி அரசன் நிறுவிய றுவாயோமோன் மடத்தின் கோயில் இடிக்கப்பட்டது. அங்கே கிடந்த அவன் குழந்தைகளான பிளான்ஷ், ஜோன் ஆகியோரின் செம்புச் சிலைகள், லிமோஜ் நகர்க் கம்மியர் வண்ணக் கண்ணாடிப் பூச்சிட்டுச் செய்தவை, தப்பிப் புனித தெனியைச் சேர்ந்தன. ஒருவர் 1243இலும் மற்றவர் 1248இலும் இறந்தனர். இவ்வகைச் செம்புக் கல்லறைகள் எத்துணையோ இருந்தன என்பதைக் கேஞ்ஞியேரின் படங்கள் காட்டுகின்றன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன.

இவ்வழிவினின்றும் பலவற்றைக் காத்தவர் அலெக்சாந்தர் லெனுவார். பாரிசில் மூடப்பட்ட மடமொன்றிற் சிலைகளைத் திரட்டி, 1795இல் அதனை நூதனசாலையாகத் திறந்தார். அவரில்லையேற் பல சிலைகள் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிருக்கும் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், அவர் செய்த உதவியோடு ஒரு தீங்கும் கலந்திருந்தது. அடக்கமான இடங்களிலிருந்து வந்த சிலைகளை அவர் நூற்றாண்டு முறைப்படி அறைகளில் வரிசைப்படுத்தினார். மன்றாட்டை வேண்டிக் கிடந்தவை கலையின் வளர்ச்சியைக் காட்டும் எடுத்துக்காட்டுக்களாயின. குறைந்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பவும் அவர் தயங்கவில்லை. ஷம்பாஞ் நாட்டுப்புறத்துப் பராக்கிளே மடத்திற் கிடந்த அபெலார், எலோயீஸ் இருவருக்கும், வேறு கட்டடங்களினின்று வந்த சிற்பத் துண்டுகளை இணைத்து அவர் அமைத்த கோதிக் மண்டபம், 1817இற் பாரிசின் பேர் லஷேஸ் இடுகாட்டிற்கு மாற்றப்பட்டு இன்றும் காதலர் கூட்டத்தை ஈர்க்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கல்லறையென எண்ணி அதன்முன் நிற்போர், பெரிதும் லெனுவாரின் ஆக்கத்தையே காண்கின்றனர். அவருடைய நூதனசாலை 1816இல் மூடப்பட்டது. அரசகுலச் சிலைகள் புனித தெனிக்குத் திரும்பின. நாட்டுப்புறத்திலிருந்து வந்த பலவற்றிற்குத் திரும்பிச் செல்லக் கோயிலே இருக்கவில்லை.

அவ்வாண்டிலேதான் பொன்தெவ்ரோவின் சிலைகள் மீண்டும் வரலாற்றில் தலைகாட்டின. 1792இற் கன்னியர் வெளியேற்றப்பட்டனர்; கல்லறைகள் உடைக்கப்பட்டு எலும்புகள் சிதறடிக்கப்பட்டன. 1804இல் நெப்போலியனின் ஆணையால் மடம் சிறைச்சாலையாயிற்று. ஆங்கில ஓவியராகிய சாள்ஸ் அல்பிறெட் ஸ்தொதாட் 1816இல் அங்கே சென்றபோது, நான்கு சிலைகளும் கைதிகள் நீர் அள்ளும் பெருங்கிணற்றருகே நிலவறையொன்றிற் கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டார். அவற்றை நுணுக்கமாக வரைந்து, எஞ்சியிருந்த பழைய வண்ணங்களையும் குறித்துவைத்தார். இத்தகைய பொருள்களுக்காகவே வாழ்ந்த அவர், 1821இல் டெவன் கோட்டத்துத் தேவாலயமொன்றின் சாளர ஓவியத்தைப் படியெடுக்க ஏறியபோது ஏணியினின்று வீழ்ந்து இளமையிலேயே மாண்டார்.

ஸ்தொதாட்டின் கருத்து, இச்சிலைகளை வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்பது. ஆங்கில அரசர் கள்வரிடையே கிடத்தல் தகாதென்பது ஆங்கிலேயரின் வாதம். அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று; ஒரு தேசம் தன் கோமக்களின் உருவங்களை நிலவறையில் எறிந்துவிட்டு, மற்றொரு தேசம் கேட்கும்போது மட்டும் உரிமை பேசுதல் வேடிக்கையே. பிரான்சியர் மறுத்தனர். பின்னரும் அவ்வேண்டுகோள் எழுந்தது. 1866இல் மூன்றாம் நெப்போலியன் அவற்றை விக்டோரியா அரசிக்குக் கொடுக்க இசைந்தான். ஆஞ்சூ மக்களும் பழம்பொருளாய்வோரும் கிளர்ந்தெழுந்தனர். 1867இல் அரசி வேண்டுகோளைக் கைவிட்டாள். பிரான்சியர் கூறிய காரணம் ஆராயத்தக்கது. ஹென்றி லெ மான் நகரிற் பிறந்தவன், ஆஞ்சூவின் கோமகன். தன் முன்னோரின் மண்ணிற் கிடக்கின்றான். றிச்சட் தன் பத்தாண்டு ஆட்சியில் இங்கிலாந்திற் கழித்த காலம் ஓராண்டுக்கும் குறைவு. வெஸ்ற்மின்ஸ்ரருக்கு அவர்கள் அந்நியரே. தேசங்கள் என்னும் இக்காலப் பாகுபாடு அவ்வரசரின் உள்ளத்தில் இருந்ததில்லை என்பதை இருசாராரும் மறந்தே வழக்காடினர். எலும்புகள் போனபின் சிலைகளை அவ்விடத்தோடு பிணைத்தது ஒன்றே: அவர்களுக்காக ஆறு நூற்றாண்டாக மன்றாடிய கன்னியரின் கோயில். அக்கோயில் நிற்கும்வரை சிலைகள் அங்கே இருத்தலே முறையென்ற முடிவு சரியானதெனவே தோன்றுகின்றது. சிறைச்சாலை 1963இல் மூடப்பட்டது. எஞ்சிய சில கைதிகள் 1985வரை இருந்தனர். நான்கு உருவங்களும் இன்று தூய வெண்கற் கூடத்தின் நடுவே கிடக்கின்றன.

இதற்கு மாறான விதியடைந்தது பிலிப் போ என்னும் பூர்கோஞ் பிரபுவின் கல்லறை. 1493இல் இறந்த அவனுக்குச் சித்தோ மடத்தில் அமைந்த கல்லறையில், கருமுக்காடிட்ட எண்மர், முகம் தெரியாவண்ணம் தலைகவிழ்ந்து, அவன் கிடக்கும் பலகையைத் தோளிற் சுமந்து நடக்கின்றனர். அவர்கள் பக்கத்தில் தொங்கும் கேடயங்களில் அவன் குலச்சின்னங்கள் உள்ளன. புரட்சியின்போது விற்கப்பட்டுக் கைமாறி, பெருவீடொன்றின் தோட்டத்திலும் நின்று, ஈற்றில் 1889இல் இலூவர் நூதனசாலையால் வாங்கப்பட்டது. அங்கே அதனைச் சுற்றி எப்போதும் கூட்டம். சுமப்போர் எதை நோக்கி நடக்கின்றனர் என்பது மட்டும் அங்கே விளங்காது. சித்தோவிலே அவர்கள் நடை பீடத்தை நோக்கியதாக இருந்தது. நூதனசாலையில் அது சுவரை நோக்கிய நடை.

இடத்தைப் பற்றிய வழக்கு புரட்சியோடு பிறந்ததன்று என்பதற்கு லொஷ் என்னும் சிற்றூர் சான்று. ஏழாம் சாள் அரசனின் காதலியாகிய ஆஞ்ஞேஸ் சொறெல் 1450இல் இறந்து, தான் பொருள் வழங்கிய அவ்வூர்க் கோயிலின் பீடப்பகுதியில் அடக்கப்பட்டாள். வெண்மையான அலபாஸ்தர்க் கல்லிற் செய்த அவளுருவின் தலைமாட்டில் இரு வானதூதரும் காலடியில் இரு செம்மறிக்குட்டிகளும் உள்ளன; அவள் பெயர் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் இலத்தீன்சொல்லோடு ஒலியொத்தலின் அமைந்த சிலேடை அது. அரசன் மாண்டபின் குருமார் இத்தகையாள் பீடத்தருகே கிடத்தல் ஒவ்வாதெனப் புதிய அரசன் பதினோராம் லூயியிடம் முறையிட்டனராம்; அவள் கொடுத்த பொருளையும் திருப்பிக் கொடுப்பீராயின் பெயர்க்கலாம் என அவன் விடையிறுத்தானாம். குருமார் அடங்கினர். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1777இல், அவர்களின் வழிவந்தோர் எண்ணத்தை நிறைவேற்றிக் கல்லறையைக் கோயிலின் கீழ்ப்பகுதிக்கு மாற்றினர். புரட்சிப் படைவீரர் அவளைப் புனிதையென மயங்கிச் சிலையைச் சிதைத்தனர் என்பர். காதலியென்று ஒருசாராராலும் புனிதையென்று மற்றொருசாராராலும் அவள் துன்புறுத்தப்பட்டாள். பாரிசிற் பழுதுபார்க்கப்பட்ட சிலை நெடுங்காலம் கோட்டை மாளிகையில் வைக்கப்பட்டிருந்து, 2005இல் அக்கோயிலுக்கே திரும்பியது.

பெயர்பெற்ற இவற்றைப் பேணப் பலருளர். பெயரில்லாத் தரைப்பலகைகளின் நிலை வேறு. 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமைப் பரிசோதகராகிய எழுத்தாளர் புறொஸ்பேர் மேரிமே நாடெங்கும் அலைந்து, 1840இல் வெளியான முதற் பட்டியலுக்கு வழிசெய்தார். 1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தபின், அதற்கு முற்பட்ட ஊர்க்கோயில்கள் ஊராட்சிகளின் உடைமையென நிலைபெற்றன. 1913 டிசம்பர் 31ஆந் திகதிச் சட்டம் கட்டடங்களோடு அவற்றினுள்ளிருக்கும் பொருள்களையும் காப்பில் எடுத்துக்கொண்டது. ஆயினும் பிரான்சில் ஊராட்சிகள் ஏறத்தாழ 35,000. அவற்றுட் பல சில நூறு மக்களையே உடையன. கூரை ஒழுகும்போது முதலிற் செப்பனிட வேண்டியது கூரையே. ஈரத்தில் உதிரும் பலகை காத்திருக்க வேண்டியதுதான். தரையிலிருந்து பெயர்த்துச் சுவரிற் சாத்தியவற்றின் எழுத்து மிதிபடாமற் பிழைத்தது. அப்பலகை யார்மேற் கிடந்ததோ அவரிடமிருந்து அது பிரிந்தது. சிலவேளை மண்ணே நற்காவலன். சுவிஞ்ஞியில் 1793இல் உடைத்துத் தள்ளப்பட்ட கிளூனி மடத்தலைவர் மாயேல், ஓதிலோன் ஆகியோரின் உருவத் துண்டுகள், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழ்வாய்வில் அக்கோயிலின் தரைக்கடியிலேயே கிடைத்தன.

பிக்கார்தியில் பொலவீல் என்னும் மிகச் சிறிய ஊர் உண்டு. 1617 சனவரியில் வின்சன் தெ போல் அடிகள் பிரசங்கித்த மேடை இருப்பதால் அவ்வூர்க் கோயிலைக் கத்தோலிக்கர் அறிவர். பீடத்தின் அருகே, சுவரிற் குடைந்த நுண்ணிய கல்வேலைப்பாட்டு வளைவின்கீழ் றாவூல் த லனுவாவும் அவன் மனைவியும் கிடக்கின்றனர். பன்னிரண்டாம் லூயிக்காக ஜெனோவா நகரை ஆண்ட அவன், அந்நகரத்துச் சலவைக்கல்லையே தெரிந்து, அந்தோனியோ தெல்லா போர்த்தா, பாச்சே ககினி என்னும் இத்தாலியச் சிற்பிகளைக்கொண்டு தன் உருவத்தைச் செய்வித்து, 1513இல் இறந்தான். முக்காடிட்டு அழுவோர் நின்ற இடத்தில் இங்கே கண்ணீர் வடிக்கும் குழந்தைகள் நிற்கின்றனர். இத்தாலியப் புதுக்கலை நாட்டுப்புறக் கோயிலுள் நுழைந்துவிட்டது. அதே பீடப்பகுதியில் 1548இல் இறந்த மகன் பிரான்சுவாவின் கல்லறையும் உண்டு. அவனும் மனைவியும் கிடக்கவில்லை. எழுந்து முழந்தாளிட்டுக் கைகூப்பித் தாமே மன்றாடுகின்றனர். தந்தையின் உருவம் கடப்போரை நோக்கி வேண்ட, மகனின் உருவம் பீடத்தை நோக்குகின்றது. இரண்டும் வைத்த இடத்தினின்று பெயர்க்கப்படவில்லை.